புகுந்த நாட்டுக்கு ஒரு வெள்ளி

1994 மே மாதம், ஜகார்த்தா. மகளிர் பேட்மின்டன் அணிகளுக்கான ஊபர் கோப்பையின் இறுதிப் போட்டியில் இந்தோனேசியாவும் சீனாவும் ஆளுக்கு இரண்டு ஆட்டங்களை வென்றிருந்தன. இந்தோனேசியப் பெண்கள் அந்தக் கோப்பையைக் கடைசியாகத் தொட்டது 1975இல். எஞ்சியிருந்த ஒரே ஆட்டத்தில் நாட்டின் சார்பில் இறங்கியவர் மியா ஆடினா. வயது 14. எதிரே நின்ற ஜாங் நிங் அவரைவிட நான்கு வயது மூத்தவர். மியா வென்றார். கோப்பை ஜகார்த்தாவிலேயே தங்கியது.

பத்து ஆண்டுகள் கழித்து ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியில் அதே இருவர் மீண்டும் எதிரெதிரே நின்றார்கள். ஜாங் நிங் அப்போதும் சீனாவுக்காக ஆடினார். மியா ஆடியது நெதர்லாந்துக்காக. முதல் ஆட்டத்தை 11-8 என்று கைப்பற்றிய மியா, அடுத்த இரண்டையும் 6-11, 7-11 என்று இழந்து வெள்ளி பெற்றார். அவருக்கு அது இரண்டாவது ஒலிம்பிக் வெள்ளி. முதலாவதை 1996இல், அட்லாண்டாவில், இந்தோனேசியாவுக்காக வென்றிருந்தார்.

நடுவில் நடந்தது எளிய விஷயம். 1999இல் அவர் ஒரு டச்சுப் பாடகரை மணந்து கணவரின் நாட்டுக்குப் போனார். இந்தோனேசியச் சட்டம் வயதுவந்தோருக்கு இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. ஒன்றைப் பெறுவதென்றால் மற்றதை விட வேண்டும். விட்டார். அடுத்த ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் நெதர்லாந்து வீராங்கனையாகக் களமிறங்கினார்.

கல்யாணமாகிக் கணவன் ஊருக்குப் போகும் பெண்ணைப் பிறந்த வீட்டுக்குத் துரோகம் செய்தவள் என்று நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. போகாவிட்டால்தான் கேள்வி வரும். அதே பெண் கையில் மட்டையோடு போனால் மட்டும் ஒரு தேசம் முழுவதும் ஏன் புண்படுகிறது? பேட்மின்டன் இந்தோனேசியாவில் வெறும் விளையாட்டு அல்ல என்பது ஒரு காரணம். அந்த நாடு ஒலிம்பிக்கில் வென்ற முதல் இரண்டு தங்கங்களும் 1992 பார்சிலோனாவில் பேட்மின்டனில் கிடைத்தவை: பெண்களில் சூசி சுசாந்தி, ஆண்களில் ஆலன் புடிகுசுமா. சூசிக்குப் பிறகு யார் என்று நாடு தேடிக்கொண்டிருந்தபோது கிடைத்தவர் மியா. அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. பயிற்சி முகாமில் தங்கவைத்து, சோறு போட்டு, பயிற்சியாளர் கொடுத்து, உலகமெங்கும் அனுப்பி ஆளாக்கிய அமைப்பு தன் பங்கைக் கேட்பதில் தவறில்லை.

ஆனால் பங்கு கொடுக்கப்படவில்லையா? 20 வயதுக்குள் 1994, 1996 என இரண்டு ஊபர் கோப்பை வெற்றிகளில் அவருக்குப் பங்குண்டு. போதாதென்று ஓர் ஒலிம்பிக் வெள்ளி. 14 வயதில் ஒரு நாட்டின் 19 ஆண்டுக் காத்திருப்பைத் தோளில் சுமந்தவரிடம் இன்னும் எவ்வளவு பாக்கி இருந்தது என்று கணக்குப் பார்ப்பது கொடுமை. விளையாட்டு வீரரின் உடல் பத்து, பதினைந்து ஆண்டுகள்தான் உச்சத்தில் இருக்கும். வாழ்க்கை அதைவிட நீளமானது. அந்தக் குறுகிய காலத்துக்காக நீண்ட வாழ்க்கையை அடகு வைக்கச் சொல்லும் உரிமை எந்தச் சங்கத்துக்கும் இல்லை.

இந்தக் கேள்வியை எப்போதும் ஒரு பக்கத்திலிருந்தே கேட்கிறோம். நாட்டுக்கு வீரர் என்ன கடன்பட்டிருக்கிறார் என்று கேட்கிறோமே தவிர, வீரருக்கு நாடு என்ன கடன்பட்டிருக்கிறது என்று கேட்பதில்லை. இந்தோனேசிய பேட்மின்டனின் வரலாற்றிலேயே அதற்கு வலிக்கும் பதில் இருக்கிறது.

சுமத்ராவின் லாம்புங்கில் சீன வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர் தோங் சின் ஃபு. இளைஞராகச் சீனாவுக்குப் போய் அங்கே பெரும் ஆட்டக்காரரானார்; சீனர்கள் அவரை டாங் சியான்ஹு என்பார்கள். 1980களில் பிறந்த மண்ணுக்குத் திரும்பி வந்து பயிற்சியாளரானார். பார்சிலோனா தங்கம் வென்ற ஆலன் அவரிடம் பயின்றவர். ஹரியந்தோ அர்பி, ஹெந்திரவான் என்று பட்டியல் நீளும். அப்படிப்பட்டவர் இந்தோனேசியக் குடியுரிமை கேட்டார். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. 1998இல் சீனாவுக்கே திரும்பிப் போனார். அங்கே அவர் கைக்கு வந்த இளைஞன் லின் டான். பெய்ஜிங்கிலும் லண்டனிலும் அடுத்தடுத்து ஒலிம்பிக் தங்கம் வென்ற லின் டானைச் செதுக்கிய கைகளில் ஒன்று, ஜகார்த்தா வேண்டாம் என்று சொன்ன கை.

ஹெந்திரவானின் கதை இன்னும் கசப்பானது. இந்தோனேசியாவில் பிறந்தவர், சிட்னியில் அந்நாட்டுக்கு வெள்ளி வென்றவர், 2001இல் உலக சாம்பியன். அப்படியிருந்தும் சீன வம்சாவளியினர் தாங்கள் இந்தோனேசியர்தான் என்று நிரூபிக்கக் காட்டவேண்டிய குடியுரிமைச் சான்று அவரையும் விடவில்லை. அந்தச் சான்று இனித் தேவையில்லை என்று 1996லேயே அதிபர் ஆணை வந்துவிட்டது. அலுவலக மேசைகள் அதை மதிக்கவில்லை. 2002இல், ஆண்கள் அணிகளுக்கான தாமஸ் கோப்பைக்கு முன்னால், அதிபர் மேகவதியே தலையிட்டுத்தான் அவருடைய சிக்கல் தீர்ந்தது. பிறகு குவாங்சோவில் மலேசியாவுக்கு எதிரான இறுதிப் போட்டி 2-2 என்று நின்றபோது, கடைசி ஆட்டத்தை ஆடிக் கோப்பையை வென்று கொடுத்தவர் இதே ஹெந்திரவான். அவர் நாடு மாறவில்லை. நாடுதான் அவரைத் தன்னுடையவராக ஒப்புக்கொள்ளத் தயங்கியது.

மியாவும் அதே வம்சாவளிதான். 1998 மே மாதத்தில் ஜகார்த்தாவில் வெடித்த கலவரத்தில் சீன வம்சாவளியினரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அடுத்த சில நாட்களில் ஹாங்காங்கில் தாமஸ் கோப்பையும் ஊபர் கோப்பையும் தொடங்கின. வீட்டில் என்ன ஆயிற்றோ என்ற பயத்தோடு ஆடிய வீரர்களைக் கொண்ட இந்தோனேசிய ஆண்கள் அணி கோப்பையை வென்றது. பெண்கள் இறுதிவரை போனார்கள். மியா போனதற்கு அந்தக் கலவரம் காரணம் என்று சொல்வது அவருடைய கல்யாணத்தை அரசியலாக்குவதாகும், அது நியாயமில்லை. ஆனால் விசுவாசம் பற்றி அந்நாளில் பேசியவர்கள், அந்த மே மாதத்தையும் சேர்த்துத்தான் பேசியிருக்க வேண்டும்.

காதலும் கலவரமும் இல்லாமல் நாடு மாறியவர்களும் உண்டு. சுரபாயாவின் டோனி குணவான், சந்திர விஜயாவோடு சேர்ந்து சிட்னியில் இந்தோனேசியாவுக்குத் தங்கம் வென்றார். பின்னர் அமெரிக்கா போய், 2005இல் கலிபோர்னியாவின் அனஹைமில் ஹோவர்ட் பாக்குடன் உலக சாம்பியனானார். அமெரிக்காவுக்கு பேட்மின்டனில் கிடைத்த முதல் உலக சாம்பியன்ஷிப் பட்டம் அது. இறுதியில் அவர் தோற்கடித்த இணையில் ஒருவர் அதே சந்திர விஜயா. உலகப் போட்டியில் ஆடக் குடியுரிமை தேவைப்படவில்லை, ஒலிம்பிக்கில் தேவைப்பட்டது. அதனால் பெய்ஜிங்கைத் தவறவிட்டு, குடியுரிமை பெற்றபின் லண்டனில் ஆடினார். பினாங்கில் பிறந்த லோ கியான் யூ, பள்ளி வயதில் உதவித்தொகையோடு சிங்கப்பூருக்குப் போனவர். அங்கே கட்டாய ராணுவப் பணியும் முடித்து, 2021இல் இந்தியாவின் ஸ்ரீகாந்தை வென்று சிங்கப்பூரின் முதல் பேட்மின்டன் உலக சாம்பியனானார். அவருக்காக மலேசியா பெருமூச்சு விடலாம். குறை சொல்ல முடியாது. 13 வயதுப் பையனுக்குப் படிப்பும் பயிற்சியும் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் பெற்றோர் அனுப்புவார்கள்.

மியா போனதால் நெதர்லாந்துக்குக் கிடைத்தது கொஞ்சமல்ல. ஏதென்ஸ் வெள்ளிதான் இன்றுவரை பேட்மின்டனில் அந்த நாட்டின் ஒரே ஒலிம்பிக் பதக்கம். 2006இல் டச்சுப் பெண்கள் ஊபர் கோப்பை இறுதிவரை போனார்கள். சீனாவில் பிறந்த யாவ் ஜியேயும் நெதர்லாந்துக்காக ஆடியவர்தான். அந்த ஆண்டோடு மியா ஓய்வு பெற்றார்.

இந்தோனேசியப் பெண்கள் 1996க்குப் பிறகு ஊபர் கோப்பையை வெல்லவில்லை. ஒலிம்பிக் ஒற்றையர் பிரிவில் மியாவுக்குப் பின் அவர்களுக்குக் கிடைத்தவை இரண்டே வெண்கலங்கள்: 2008இல் மரியா கிறிஸ்டின், 2024இல் கிரிகோரியா மாரிஸ்கா. இவ்வளவு நீண்ட வறட்சிக்கு ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் காரணம் காட்ட முடியாது. கோடிக்கணக்கான மக்கள் கொண்ட, தெருவுக்குத் தெரு மட்டை சுழலும் நாட்டில் இன்னொரு மியாவை உருவாக்க வேண்டிய பொறுப்பு பேட்மின்டன் சங்கத்துடையது. அதில் அது தவறியது.