யாரைக் கேட்டு வித்தீங்க?

திருவண்ணாமலையில் கிரிவலம் போயிருக்கிறீர்கள் என்றால் அடி அண்ணாமலையைத் தாண்டித்தான் நடந்திருப்பீர்கள். 14 கிலோமீட்டர் பாதையில், மலைக்கு மேற்கே இருக்கிற ஊர். அங்கேயும் ஒரு சிவன் கோயில். இதுதான் பழசு, பெரிய கோயிலெல்லாம் அப்புறம்தான் என்பார்கள் உள்ளூரில்.

அந்த ஊரை வைத்து ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன் (ஊர்க்காரர்கள் மன்னிக்க). கோயிலுக்கு யாரோ ஒரு புண்ணியவான் 16 ஏக்கர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் 4 ஏக்கர் கருவேலமரம் மண்டிச் சும்மா கிடக்கிறது. தர்மகர்த்தாக்கள் சத்தமில்லாமல் அதை ஒரு பெரிய கம்பெனிக்கு நல்ல விலைக்கு விற்றுவிடுகிறார்கள். யாரும் ஒரு பைசா சாப்பிடவில்லை. பணம் பாங்க்கில் இருக்கிறது. அதன் வருமானத்தில் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப். எல்லாம் முடிந்தபிறகு ஊருக்குச் சொல்கிறார்கள். நீங்கள் அந்த ஊர்க்காரர். சந்தோஷப்படுவீர்களா, சண்டைக்குப் போவீர்களா?

அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். 2019-ல் கிட்டத்தட்ட இதே கணக்கு நிஜமாக நடந்தது. ஏக்கருக்குப் பதிலாக இணைய முகவரி. 16 ஏக்கருக்குப் பதிலாக 1 கோடியே 67 லட்சம் முகவரிகள். ஊர் என்பது உலகம் பூராவும் இருக்கிற ஹாம் ரேடியோக்காரர்கள்.

ஹாம்கள் யார் என்று தெரியாதவர்களுக்காக: அரசாங்கப் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, சொந்தக் காசில் வயர்லெஸ் பெட்டி வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் யாருடனாவது பேசிக்கொண்டிருப்பவர்கள். வீட்டில் திட்டு வாங்குகிற ஜாதி. ஆனால் 2004 டிசம்பரில் சுனாமி வந்து அந்தமானில் டெலிபோன் செத்துப்போனபோது, தற்செயலாகப் போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற ஹாமும் அவருடைய குழுவும்தான் தங்கள் பெட்டிகளை வைத்துத் தீவுக்கும் வெளியுலகத்துக்கும் செய்தி கடத்தினார்கள்.

இவர்களில் சிலருக்கு 1980 வாக்கில் கம்ப்யூட்டர்களை ரேடியோ வழியாகவே பேச வைத்தால் என்ன என்று தோன்றியது. அதற்கு முகவரி வேண்டுமே? ஹாங்க் மாக்னுஸ்கி என்ற அமெரிக்க ஹாம் கேட்டு வாங்கினார். அப்போது இணையத்தின் எண் கணக்குப்பிள்ளை ஜான் போஸ்டல். 1981 செப்டம்பரில் அவர் வெளியிட்ட பட்டியலில் 44 என்ற எண்ணுக்கு நேராக அமெச்சூர் ரேடியோ என்று இருக்கிறது. 44-ல் தொடங்குகிற அத்தனை முகவரியும் ஹாம்களுக்கு. மொத்த இணைய முகவரியில் 256-ல் ஒரு பங்கு! காசு கிடையாது. புறம்போக்கு நிலத்துக்கு அன்றைக்கு யார் விலை பேசினார்கள்?

பல வருடம் இந்த 44-ஐப் பார்த்துக்கொண்டவர் பிரையன் கான்டர். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு தன்னார்வலர். உங்களிடம் கால்சைன் இருந்தால் அவரிடம் கேட்டு நாலைந்து முகவரி வாங்கிக்கொள்ளலாம். வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. 2011-ல் இதற்காகக் கலிபோர்னியாவில் லாபநோக்கில்லாத நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்தார்கள். பெயர் அமெச்சூர் ரேடியோ டிஜிட்டல் கம்யூனிகேஷன்ஸ். அதே 2011 பிப்ரவரியில்தான் உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த பழைய ரக முகவரிகள் தீர்ந்துபோயின. புறம்போக்குக்குத் திடீரென்று சென்ட் விலை வந்துவிட்டது.

2019 ஜூலையில் அறிவிப்பு வந்தது. 44.192-லிருந்து மேலே உள்ள கால் பங்கு, சுமார் 42 லட்சம் முகவரிகள், அமேசானுக்கு விற்றாயிற்று. விலை 10 கோடி டாலருக்கு மேல். நம் பணத்தில் அன்றைய கணக்குக்கு 700 கோடி ரூபாயைத் தாண்டும். ஹாம்கள் கொதித்துப்போனார்கள். யாரைக் கேட்டு வித்தீங்க?

நிர்வாகிகள் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. விற்ற பகுதியில் பெரும்பாலும் ஆளே இல்லை. பாக்கி 1 கோடியே 25 லட்சம் முகவரி ஹாம்களுக்குத் தாராளம். புது ரக முகவரிகள் பரவிவிட்டால் பழையது செல்லாக்காசு ஆகிவிடலாம். வந்த பணம் அறக்கட்டளை நிதியாக நிற்கிறது; அதிலிருந்து ஸ்காலர்ஷிப், மென்பொருள் வேலை என்று கொடுக்கிறார்கள். எம்.ஐ.டி. மாணவர்களின் ரேடியோ சங்கம் மொட்டைமாடியில் இருக்கும் பெரிய ஆன்டெனாவைக் காப்பாற்றிக்கொள்ள 2021-ல் 16 லட்சம் டாலர் போனது.

பிறகு ஏன் உறுத்துகிறது?

நம் ஊர்ச் சட்டம் ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. 1959-ஆம் வருட இந்து சமய அறநிலையச் சட்டம், 34-ஆவது பிரிவு. கோயில் நிலத்தை விற்பதென்றால் அது கோயிலுக்கு அவசியம் அல்லது நன்மை என்று ஆணையர் ஒப்புதல் தர வேண்டும். அதற்கும் முன்னால் விவரத்தை வெளியிட்டு, ஆட்சேபணை உண்டா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் விற்பனை செல்லாது. இந்தச் சட்டத்தை நாம் நடைமுறையில் எந்த லட்சணத்தில் வைத்திருக்கிறோம் என்பது வேறு கதை, அதை விடுங்கள். எழுதியவர்கள் விவரமானவர்கள். லாபமா என்பது ஒரு கேள்வி, கேட்டாயா என்பது வேறு கேள்வி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் கேள்விக்கு நல்ல பதில் இருப்பதால் இரண்டாவது ரத்தாகிவிடாது.

‘முன்கூட்டிச் சொன்னால் ஆளாளுக்கு வழக்குப் போட்டுப் பேரமே கெட்டுப்போகும்’ என்று வாதாடலாம். கெட்டிருக்கும்தான். ஆனால் ‘கேட்டால் மாட்டேன் என்பார்கள், அதனால் கேட்கவில்லை’ என்பதை உங்கள் வீட்டில் யாராவது உங்களிடம் சொன்னால் ஏற்றுக்கொள்வீர்களா?

சரி, யாரைக் கேட்பது? இங்கேதான் எனக்கும் திணறுகிறது. ஹாம்களுக்கு உலகளாவிய வாக்காளர் பட்டியல் கிடையாது. 1981-ல் முகவரி கொடுத்தவர் இன்னாருக்கு என்று பட்டா எழுதவில்லை. இன்றைக்கு லைசென்ஸ் வைத்திருப்பவர்கள்தான் சொந்தக்காரர்கள் என்றால், அடுத்த வருடம் பரீட்சை எழுதப்போகிற வேலூர்ப் பையனுக்குப் பங்கு இல்லையா? அவன் சார்பில் யார் ஆட்சேபணை தெரிவிப்பது? ‘அவனுக்குத்தான் ஸ்காலர்ஷிப் வைத்தோம்’ என்று அவர்கள் சொல்லக்கூடும். அதையும் சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை.

பிரையன் கான்டர் அந்த நவம்பரிலேயே இறந்துபோனார். இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 2019-ல் ஒரு முகவரி ஏறக்குறைய 26 டாலருக்குப் போயிற்று. இரண்டே வருடத்தில் சந்தை விலை அதைப்போல் இரண்டு மடங்கைத் தொட்டது, அப்புறம் இறங்கவும் செய்தது. ஊரைக் கூட்டி, ஆளாளுக்குக் கத்தி, இரண்டு வருடம் இழுத்தடித்திருந்தால் கூடுதலாகவே கிடைத்திருக்கும். ஆனால் இதை 2019-ல் யாரும் சொல்லியிருக்க முடியாது. கேட்காமல் விற்றவர்களை இதற்காகத் திட்டுவதும் நியாயமில்லை.

கால்சைன் வைத்திருக்கும் நம்மூர் ஹாம் யாராக இருந்தாலும் பாக்கியுள்ள முகவரியில் இன்றும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். காசு கேட்பதில்லை.