கடிவாளமும் தணிவும்

தீயதொன்றைச் செய்யாது விடுமளவில் அடக்கம் நிறைவுறுமோ, அன்றி அதனை விழையும் உள்ளமும் மாறுதல் வேண்டுமோ? இதனைச் சொற்பொருள் வழியே யாம் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஆங்கிலத்தில் ‘ரிஃப்ரெயின்’ என்றொரு வினைச்சொல் உண்டு. ஒன்றைச் செய்யாது தன்னைத் தடுத்துக்கொள்ளுதல் என்பது அதன் இக்காலப் பொருள். அது பழைய பிரெஞ்சு மொழி வாயிலாக இலத்தீனினின்று வந்தது. இலத்தீனில் ‘ஃபிரேனும்’ என்பது கடிவாளம். ஆகவே, கடிவாளத்தாற் பின்னிழுத்தலே அதன் முதற்பொருளென்க. பல்லவியைக் குறிக்கும் அவ்வுருவச் சொல் ‘உடைத்தல்’ என்னும் வேறு பகுதியிற் பிறந்தது. இரண்டையும் ஒன்றென மயங்கற்க. முன்னாளில் நாவை, சினத்தை எனச் செயப்படுபொருள் ஏற்று வந்த அவ்வினை, இந்நாளில் அது குன்றிய வினையாயிற்று. இழுப்பவனும் இழுக்கப்படுவதும் ஒருவனுள்ளே அடங்கின.

வடமொழியில் ‘யமம்’ என்பதும் இத்தகையதே. அடக்குதலை உணர்த்தும் ‘யம்’ என்னும் பகுதியினின்றே தேர்ப்பாகனைக் குறிக்கும் ‘யந்தா’ என்னுஞ் சொல்லும் பிறந்தது. கடோபநிடதம் பொறிகளைக் குதிரைகளாகவும் மனத்தைக் கடிவாளமாகவும் உருவகித்தது. திருமூலரும் மூன்றாந் தந்திரத்தில் எண்வகை யோகத்துள் இயமத்தை முதற்கண் வைத்தார்.

ஆயின், கடிவாளம் குதிரையை நிறுத்துமேயன்றி அதன் வேட்கையை மாற்றாது. பிடி நெகிழ்ந்த கணத்தே அது பழைய வழியில் ஓடும். பிறர் காண்பரென்று அஞ்சிப் பொய் கூறாதானும், கையிற் பொருளின்மையாற் கள்ளுண்ணாதானும் இத்தன்மையரே.

இவ்விழுத்தலின் வேறாயதொரு நிலையைக் குறிக்கும் சொல் நம்மிடத்து உண்டு. அது திருத்தணிகை மலையின் பெயரிலேயே அமைந்துள்ளது. சூரரோடும் வேடரோடும் பொருத முருகப்பெருமானது சினம் தணிந்த இடமாதலின் அப்பெயர் பெற்றது என்பர். சினம் அடக்கப்பட்டது என்னாது, தணிந்தது என்றனர். தணிதலாவது வெம்மை ஆறிக் குளிர்தல். அம்மலைக்கு அணித்தாகிய ஆர்.கே.பேட்டைப் பகுதியில் தமிழோடு ஒருங்கு வழங்கும் தெலுங்கில், இதற்கு இனமாகிய ‘தனிவி’ என்னுஞ் சொல் மனநிறைவைக் குறிக்கும். நிறைந்த உள்ளத்திற்குக் கடிவாளம் வேண்டா.

சித்தாந்த முடிபும் இதனோடு இயைவதாம். ஆணவமலம் முத்திநிலையிலும் அழிவதன்று. அதன் சத்தியே மடங்கும். கரணங்களும் அழிவன அல்ல. பசுகரணங்களாய் நின்றவை திருவருளாற் சிவகரணங்களாய் மாறும். ஆகலின், குதிரையைக் கொல்லுதலும் நெறியன்று. என்றும் இழுத்துப் பிடித்தே நிற்றலும் முடிவன்று.

தீமைக்கு வாய்ப்பும் மறைவும் ஒருங்கு கூடியவழி, உள்ளம் அசைந்தும் கை நிற்குமேல் அது அடக்கம். உள்ளமே அசையாதாயின் அது தணிவு. முன்னையதை இகழற்க. பின்னையது கைகூடுங்காறும் நமக்கு அதுவே காவல்.