விதி என்று எப்போது சொல்லலாம்?

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் புக்கிட் பாத்தோக் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டிகளின் முகப்பில் சந்தனம் காய்ந்திருக்கும். டயர் இடுக்கில் எலுமிச்சைத் தோல் ஒட்டியிருக்கும். பானெட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் கறுத்துப்போயிருக்கும். கும்பிட்டவர்மேல் கோபமில்லை, நானும் ஸ்பானருக்குப் பொட்டு வைக்கிறவன்தான். ஆனால் யாரைக் காப்பாற்றச் சொல்லி வேண்டிக்கொண்டார்? பிரேக்கால் பிழைப்பது பெரும்பாலும் சாலையைக் கடக்கும் யாரோ ஒரு பாட்டி. அவருக்காக ஒருவரும் அர்ச்சனைச் சீட்டு வாங்கி நான் பார்த்ததில்லை.

அவர்மேல் வண்டி ஏறிவிட்டால் மட்டும் விதி என்போம்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் 140 தாங்கினாலே போதும் என்கிறது தரவிதி. அந்த ஆயிலோடு கெந்திங் மலையிலிருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் தரைவரை போகும். இதில் விதி எங்கே வந்தது?

பெடல் மெத்தென்றிருந்தால் குழாயில் காற்று. மிதித்துப் பிடிக்கையில் மெல்ல இறங்கி, வெளியே கசிவும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்துபோயிருக்கும். பொல்லாதது பழைய ரப்பர் குழாய். வெளியே பழுதே தெரியாது. உள்ளே வீங்கி, போன ஆயிலைத் திரும்ப விடாது. காலை எடுத்த பிறகும் சக்கரம் பிடித்தபடியே இருக்கும். தேடினால் எதற்கும் காரணம் கிடைக்கிறது.

பிரேக்குக்கே அடிப்படையான உண்மையை, அடைபட்ட திரவத்தில் கொடுத்த அழுத்தம் எங்கும் குறையாமல் பரவும் என்பதைக் கண்ட பாஸ்கல், 1654இல் தனக்கு வாய்த்த இறையனுபவத்தை எழுதிச் சட்டைக்குள் தைத்துவைத்திருந்தவர். இரண்டும் அவருக்கு ஒத்துப்போயின. வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம், ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் என்று வைத்தார்.

பழைய மோரிஸ் மைனரில் நாலு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட். எங்கே ஒரு குழாய் விட்டாலும் பிரேக் முழுக்கப் போச்சு. பின்னால் வந்த கார்களில் இரண்டு வைத்தார்கள். ஒன்று என்றாவது போகும் என்று செய்தவனே ஒப்புக்கொண்டுதான் அப்படிச் செய்தான். பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்த பிறகும் மிஞ்சுகிற அந்தக் கொஞ்சத்தைத்தான் நான் ஊழ் என்பேன். ஆயில் மாற்றாதவர் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில், ஆண்டுக்கு 45 நாள் மட்டும் ஓட்டலாம் என்ற கட்டுப்பாட்டோடு மைனர் வைத்திருப்பவர்கள், "வண்டி ஓடவே இல்லையே அண்ணே, எதுக்கு மாத்தணும்?" என்பார்கள். நிற்கிற வண்டியில்தான் வீல் சிலிண்டர் துருவேறி இறுகும் என்று கழற்றிக் காட்டினால்தான் நம்புகிறார்கள்.