வலிக்குச் சாட்சி யார்?

பிறர் துன்பத்தை நம்புவதற்கு நமக்கு எவ்வளவு சான்று வேண்டும்? முடக்குவாத நோயாளருக்கு வரும் நெஞ்சு வலி இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதுதான் முடக்குவாதம். விரல்களின் வீக்கத்தைக் காண்கிறோம், இரங்குகிறோம். ஆனால் மூட்டுகள் கைகால்களில் மட்டுமா உள்ளன? நம் 12 இணை விலா எலும்புகளுள் மேலுள்ள 7 இணைகள் குருத்தெலும்பின் வழியே மார்பெலும்போடு நேரே பொருந்துகின்றன. அப்பொருத்துகளிலும் அழற்சி உண்டாகலாம். அப்போது இருமினால் வலி. திரும்பிப் படுத்தால் வலி. மூச்சை ஆழ இழுத்தாலும் வலி. முழங்கால் நொந்தால் நடக்காமல் இருக்கலாம்; மூச்சு விடாமல் இருக்க முடியுமா?

நெஞ்சு வலி என்றதும் முதலில் இதயத்தைச் சோதிப்பது கடமை. முடக்குவாதம் உடையோர்க்கு இதய நோய் வரும் வாய்ப்பும் பிறரைவிட மிகுதி; எனவே, விலாவின் வலிதான் என்று தாமே முடிவு கட்டிக்கொள்வது ஆபத்து. ஆனால், இதயத்தில் குறையில்லை என்று தெரிந்த மறுகணமே சுற்றியுள்ளோர் 'ஒன்றுமில்லை' என்று பேச்சை முடித்துவிடுகிறோமே, அங்கேதான் அநீதி பிறக்கிறது. இதயத்தில் ஒன்றுமில்லை என்பது வேறு; வலியே இல்லை என்பது வேறு.

1816இல் பிரெஞ்சு மருத்துவர் ரெனே லென்னெக் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தார். நெஞ்சினுள் எழும் ஓசைகளை அது கேட்கச் செய்தது. ஆயினும், பிறர் படும் வலியை நாம் உணரச் செய்யும் கருவி இன்றுவரை இல்லை. அதற்கு நோயாளியின் நாவே சாட்சி. இருக்கும் ஒரே சாட்சியைப் பொய்யென்று தள்ளுவது நீதியாகுமா? நம்பிக் கேட்பதால் நாம் இழப்பது ஒன்றுமில்லை. நம்ப மறுத்தாலோ, நாளை உண்மையிலேயே இதயம் நோகும்போது அவர் வாய் திறவாமல் இருந்துவிடக்கூடும்.