விறகுக்கட்டு சொன்ன மறுமொழி



1833-ம் ஆண்டு பாரீஸ் நகரில் சில மாணாக்கர், பூர்வத்தில் நன்மை செய்த திருச்சபை இப்போது என்ன செய்கிறதென்று ஏளனமாய்க் கேட்டார்கள். தர்க்கம் போதாதென்று கண்ட இருபது வயது பிரெடரிக் ஓசானாம், தோழர் ஒருவரோடு, தம்மிடம் மீந்திருந்த விறகைச் சுமந்துபோய் ஓர் ஏழை வீட்டில் சேர்த்தாரென்று அவர் சரித்திரம் கூறும். அவரும் தோழரும் தொடங்கியதே நம் பங்குகளில் காணும் அர்ச். வின்சென்ட் தே பவுல் சபை. காசு கொடுத்தனுப்புவதோடு நில்லாமல், ஏழையின் வீடு தேடிப் போவதே அதன் வழக்கம். 1997-ல் ஓசானாம் முத்திப்பேறு பெற்றவரானார்.

நாமோ பூசை கண்டு, நன்மை வாங்கித் திரும்புகையில் எத்தனை வாசல்களைக் கடந்துபோகிறோம்! படுக்கையில் கிடக்கும் கிழவி, பேச்சற்றுப்போன பங்காளி, வேற்று மதத்து அடுத்த வீட்டார்: எல்லோரும் நம் அயலாரே. உண்டியலில் போட்ட காசு நமக்குப் பதிலாக அந்த வாசலில் நுழையாது.

இந்த வாரம் குடும்பத்துக்கு ஒரு வாசல். வெறுங்கையானாலும் போங்கள்; உட்கார்ந்து சுகம் விசாரியுங்கள். மனஸ்தாபமிருந்தால் நீங்களே முந்திப் பேசுங்கள். பிள்ளைகளையும் அழைத்துப்போங்கள்; ஞானோபதேசத்தில் படித்ததை அங்கே கண்ணால் காண்பார்கள்.

சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக.

பங்குசுவாமி