ஹெட்செட்டுக்கு அப்பால் ஒரு குசேலர்



மொபைல் லெஜண்ட்ஸில் ஐந்து பேர் சேர்ந்தால்தான் ஒரு டீம். குரல் தெரியும், ரேங்க் தெரியும். ஆளைத் தெரியுமா? ஜூன் மாதம், டுரியான் விழும் காலம். டீமோடு பாலிக் புலாவ் தோட்டம் ஒன்றில் கூடி, ஒருநாள் பழம் பொறுக்கிப் பாருங்கள். அங்கே 'ஸ்கின்' கிடையாது. தேய்ந்த செருப்பும் வாடிய முகமும் அப்படியே தெரியும்.

சாந்தீபனி குருகுலத் தோழர் குசேலர், துவாரகைக்கு நடந்தே வந்தார். வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. எல்லாம் அறிந்த கண்ணனே அவர் பாதம் கழுவி, அருகில் உட்கார வைத்துத்தான் நலம் விசாரித்தான். ஒளித்து வைத்த அவலையும் உரிமையோடு வாங்கித் தின்றான். நமக்கு மட்டும் ஹெட்செட் போதுமா?

டீமில் ஒருத்தர் கொஞ்ச நாளாக ஆன்லைன் வரலையா? திட்டாதீங்க. வீடு தேடிப் போய், "சாப்பிட்டியாடா?"ன்னு கேளுங்க. சத்சங்கம் அங்கேதான் ஆரம்பம்.