கம்மாயில் நிற்கும் இரண்டு கல்

சித்திரை மாதத்தில் புதுக்கோட்டைப் பக்கத்துக் கம்மாய்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அப்படி வறண்ட ஒரு கம்மாயின் உள்ளே ஒரு மாலை முழுக்க மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு கல்தூண்கள், இரண்டையும் இணைக்கும் குறுக்குக் கற்கள். தூசியைத் துடைத்துவிட்டு, மைதா மாவைத் தூணில் தூவி உள்ளங்கையால் தேய்த்தேன். வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழுந்ததும் எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, கூட்டிக் கூட்டித்தான் படிக்கவேண்டும். கடைசியில் ஒரு பெயர் கிடைத்தது. அரசன் பெயர் அல்ல. தன் ஊருக்குக் கம்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் தூம்பு செய்துகொடுத்த ஒரு சாதாரண மனிதரின் பெயர். அதை வாய்விட்டுச் சொன்னேன். பல நூறு வருஷமாகத் தண்ணீருக்குள் முங்கி முங்கி எழுந்த பெயர்! கேட்க அங்கே நாலு ஆடுகள்தான் இருந்தன.

அன்று ராத்திரியே ஃபேஸ்புக்கில் எழுதினேன். தூணின் உயரம், இடைவெளி, எழுத்தமைதி, உத்தேச நூற்றாண்டு என ஒன்றையும் விடவில்லை. மறுநாள் பார்த்தால் பதினாலு விருப்பக்குறி, பாதிக்குமேல் சொந்தக்காரர்கள். எனக்குக் கோபம் வந்தது. தமிழ் தமிழ் என்று பேசுகிறார்களே, இதைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லையே என்று இரண்டு நாள் பொருமினேன்.

கொஞ்ச நாள் கழித்து, தெரிந்தவர்கள் சொன்ன யோசனைப்படி, ‘ஆயிரம் வருஷ ரகசியம்’ என்று தலைப்பு வைத்து, பின்னணியில் உறுமி ஒலிக்க ஒரு நிமிட வீடியோ போட்டேன். பார்வை நாற்பதாயிரத்தைத் தாண்டியது. ஃபேஸ்புக் பல வருஷமாக மூன்று விநாடி ஓடினாலே ஒரு பார்வை என்று கணக்கு வைத்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த எண்ணைவிட என்னைச் சுட்டது கீழே இருந்த கருத்துகள். கட்டியவன் எங்கள் ஆள், உங்கள் ஆள் என்று ஜாதிச் சண்டை. அது எந்தக் கம்மாய், இன்றைக்கு அதில் தண்ணீர் நிற்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஊருக்கே தண்ணீர் தந்த மனிதரின் பெயரை நானே சந்தியில் இழுத்துவிட்டேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வீடியோவை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பியிடமிருந்து செய்தி வந்தது. “டீச்சர், எங்க ஊர்க் கம்மாயிலயும் இதே மாதிரி ரெண்டு கல்லு நிக்குது. சின்னப் புள்ளையில அதுமேல ஏறித்தான் தண்ணியில குதிப்போம். அது என்னது டீச்சர்?”

வாசகர் ஒருவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி அது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவருக்கு மட்டும் நிதானமாக எழுதினேன். அது குமிழித்தூம்பு, தம்பி. தூணுக்கு அடியில், மண்ணுக்குள் ஒரு கல்தொட்டி இருக்கும். அதன் மேல்துளைக்கு நீரோடி என்று பெயர். தரையோடு ஒட்டிய துளைக்குச் சேறோடி. மேலே அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால் தண்ணீர் சுழித்து இறங்கும்; அந்த இழுப்பில் அடியில் படிந்த சேறும் சேர்ந்து கரைக்கு அடியில் ஓடி வயலுக்குப் போய்விடும். தூர் வாரும் வேலை கொஞ்சம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் கம்மாய் நிறைந்து கிடக்கையில் ஒரு மனுஷன் நீந்திப் போய், நீங்கள் ஏறிக் குதித்த அதே தூணைப் பிடித்து முங்கி, அந்தக் கல்லைத் தூக்கவேண்டும். உங்கள் ஊரில் அந்த வேலையைச் செய்த குடும்பம் எது என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்வீர்களா?

எழுதி முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த முங்கும் மனுஷனைப் பற்றி என் முதல் பதிவில் ஒரு வரிகூட இல்லை. அளவுகளை அடுக்கிவைத்துவிட்டு யாரும் வரவில்லையே என்று கோபப்பட்டிருக்கிறேன். உள்ளே வர நான் வாசல் வைக்கவே இல்லை.

உ.வே.சாமிநாதையரை இந்த இடத்தில் நினைக்காமல் என்னால் இருக்கமுடியவில்லை. 1880-ல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சிந்தாமணி படித்ததுண்டா என்று அவரைக் கேட்டார். ஒரே ஒரு வாசகரின் கேள்வி சாமிநாதையரின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. பதிப்பு வேலை தொடங்கியபோது, புத்தகம் கைக்கு வருமுன்பே வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் கையொப்பம் வாங்கினார். சீவக சிந்தாமணி 1887-ல் வெளிவந்தது. கையொப்பம் போட்டவர் வெறும் வாடிக்கையாளராகவா இருந்திருப்பார்? அச்சு எந்த மட்டில் இருக்கிறது, எப்போது வரும் என்று அவர் மனசு அதிலேயே கிடந்திருக்கும். தன் கையைப் பதித்த இடத்தில்தான் மனுஷனுக்கு அக்கறை பிறக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அதனால் இப்போது வேறு மாதிரி எழுதுகிறேன். உங்கள் ஊர்க் கம்மாயில் இரண்டு கல் நிற்கிறதா, ஊரில் அதற்கு என்ன பெயர், கடைசியாக அதை இயக்கியவர் யார் என்று கேட்கிறேன். வருகிற ஒவ்வொரு பதிலுக்கும் பதில் எழுதுகிறேன். சிலர் படம் அனுப்புகிறார்கள். இளையான்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, அளவுநாடா இல்லாமல் சாண் போட்டு அளந்து அனுப்பினாள். விருப்பக்குறி ஒன்றும் பெரிதாக ஏறிவிடவில்லை. ஆனால் என் நோட்டில் இதுவரை முப்பத்தியொரு கம்மாய்கள். அதில் பத்தொன்பது நான் நேரில் காணாதவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் சொன்னவரின் பெயரையும் எழுதிவைத்திருக்கிறேன்.

சிங்கப்பூர்த் தம்பியின் அப்பா விசாரித்துச் சொன்னார். கல் தூக்கியவர் இறந்துவிட்டாராம், மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாராம். கோடை விடுமுறையில் அந்தத் தம்பியின் சித்தப்பா பையன்கள் மூன்று பேர் கடப்பாரையும் மண்வெட்டியுமாக இறங்கி, துளைகளில் அடைந்திருந்த மண்ணைக் கையாலேயே நோண்டி எடுத்தார்கள். கல்லில் கடப்பாரை பட்டுவிடக்கூடாது என்று போனில் நான் பத்துத் தடவை சொல்லியிருப்பேன்.

ஐப்பசியில் மழை பிடித்த ஒரு ராத்திரி, மணி பத்தரை இருக்கும், அவர்களில் சின்னவன் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கல்தூண்கள். முதல் குறுக்குக் கல்லைத் தொட்டுக்கொண்டு தண்ணீர். தவளைச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல்: “டீச்சர், வந்துருச்சு. முதக் கல்லு வரைக்கும் வந்துருச்சு.”

அந்த வீடியோவை அவன் வேறு எங்கும் போடவில்லை.